மேடம், ஒரு லெட்டர் வேணும்

செப்டம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வேதியியல் துறை வராந்தாவில் இந்த வாக்கியம் கேட்க ஆரம்பித்துவிடும். எம்.எஸ்சி. முடித்தவர்கள், முடித்து ராணிப்பேட்டை சிப்காட்டில் ஏதாவது ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், பி.எட். படித்துக்கொண்டே முயற்சி செய்பவர்கள் என்று ஒவ்வொருவராக வருவார்கள். வெளிநாட்டில் உதவித்தொகையோடு பிஎச்.டி. படிக்க விண்ணப்பிக்கிறார்கள், பரிந்துரைக் கடிதம் வேண்டும். பெரும்பாலும் கையில் டைப் அடித்த ஒரு தாளும் இருக்கும். "நீங்க கையெழுத்து மட்டும் போட்டா போதும் மேடம்."

அந்தத் தாளை நான் வாங்கி முழுவதும் படிப்பேன். ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன். யார் கொண்டுவந்தாலும் இதேதான். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். "இதுல நீ எங்கப்பா இருக்க? உட்காரு, பேசலாம்" என்பேன்.

பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமே இல்லை. நம் பக்கத்துக் கல்லூரிகளில் வழக்கமே அப்படித்தான் ஆகிவிட்டது. ஆசிரியருக்கு வகுப்பு, உள்மதிப்பீடு, கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் கமிட்டி வேலை. மாணவனுக்குத் தயக்கம். ஆகவே மாணவனே எழுதுகிறான், ஆசிரியர் கையெழுத்துப் போடுகிறார். உள்ளூர் வேலைக்கோ பி.எட். சேர்க்கைக்கோ இது ஓடிவிடும். பிஎச்.டி. விண்ணப்பத்தில் இது பிள்ளையின் வாய்ப்பையே கெடுக்கும். அதைத்தான் இங்கே கொஞ்சம் விளக்கமாக எழுத நினைத்தேன், மாணவர்களுக்கும் என் போன்ற ஆசிரியர்களுக்கும்.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். நெதர்லாந்து, ஸ்வீடன் போன்ற நாடுகளில் பிஎச்.டி. செய்பவர் பெரும்பாலும் பல்கலைக்கழக ஊழியர். மாதச் சம்பளம் உண்டு, பெரும்பாலும் 4 ஆண்டு ஒப்பந்தம், படிப்புக் கட்டணம் கிடையாது. ஜெர்மனியில் பலர் டிவி-எல் 13 என்கிற அரசு ஊதிய நிலையில் பாதி அல்லது முக்கால் பங்கு ஒப்பந்தத்தில் சேர்கிறார்கள். அமெரிக்காவில் அறிவியல் துறைகளில் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, வகுப்பெடுக்கவோ ஆய்வகத்தில் உதவவோ சொல்லி மாத உதவித்தொகை தருகிறார்கள். சம்பளத்தோடு பிஎச்.டி. இடம் தரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஆய்வு வலையமைப்புகளுக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். சேரப்போகும் நாட்டில் முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக்கூடாது என்பது அதன் முக்கிய விதி. வேலூர் பக்கத்து ஒடுகத்தூரை விட்டு வெளியே போகாத பிள்ளைக்கு இந்த விதி ஒரு தடையே இல்லை. இந்த இடங்கள் யூராக்சஸ் என்கிற ஐரோப்பிய ஆய்வு வேலை இணையதளத்தில் வேலை விளம்பரம் மாதிரியே வரும்.

எல்லாவற்றிலும் பொதுவான விஷயம், யாரோ ஒருவர் நான்கைந்து வருடத்துக்கு உங்கள்மேல் பணம் போடுகிறார். அவர் உங்களைப் பார்த்ததில்லை. நம் பல்கலைக்கழகத்தில் 78 சதவீதம் என்றால் அது எத்தனை பெரிய மதிப்பெண் என்று அவருக்குத் தெரியாது. ஆகவே, ஆய்வகத்தில் உங்களோடு நின்ற ஒருவர் என்ன சொல்கிறார் என்று அவர் கேட்கிறார். நம் ஊரில் சம்பந்தம் பேசுவதற்கு முன் பெண் வீட்டுத் தெருவில் போய் விசாரிப்பார்களே, அதுபோல. "நல்ல பொண்ணுங்க" என்று நாலு பேர் சொன்னாலும் யாரும் நிம்மதியாகத் திரும்ப மாட்டார்கள். "மாமியாருக்கு ஆபரேஷன் ஆனப்ப இந்தப் பொண்ணுதான் மூணு நாள் சிஎம்சி ஆஸ்பத்திரியில கூட இருந்துச்சு" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னால் அது வேறு.

என் மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். ராணிப்பேட்டை பக்கத்து ஊர். அப்பா தோல் தொழிற்சாலையில் வேலை. எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு அவள் தன் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் குரோமியம் பார்க்கிறேன் என்றாள். பாலாற்றுப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். குரோமேட் தயாரிப்பில் வருவது ஆறு இணைதிறன் கொண்டது, நாங்கள் குரோமியம் சிக்ஸ் என்போம், அதுதான் அதிக நச்சு. ராணிப்பேட்டையில் அந்தக் கழிவு பல்லாண்டாகக் குவிந்து கிடந்து நிலத்தடி நீரில் இறங்கிய கதை நாடறிந்தது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

உலோகங்களை நேரடியாக அளக்கும் அணு உறிஞ்சல் கருவி எங்கள் துறையில் இல்லை. இருந்தது, கரைசலின் நிறத்தை அளக்கும் ஒரு பழைய ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர். டைஃபினைல் கார்பசைடு சேர்த்தால் குரோமியம் சிக்ஸ் செவ்வூதா நிறம் கொடுக்கும், அதை 540 நானோமீட்டரில் அளக்கலாம். எளிய முறை, பழைய முறை, சரியாகச் செய்தால் நல்ல முறை. அவள் ஆரம்பித்தபோது பிளாங்க்கே லேசாக நிறம் காட்டியது. அதாவது, சோதிக்க வேண்டிய கிணற்றுத் தண்ணீரைச் சேர்க்காத குழாயிலேயே நிறம் வருகிறது. மற்ற யாராக இருந்தாலும் அந்த அளவைக் கழித்துவிட்டு மேலே போயிருப்பார்கள். இவள் போகவில்லை. வாலை வடிநீரை மாற்றிப் பார்த்தாள். வேதிப்பொருளை மாற்றிப் பார்த்தாள். கடைசியில் ஒருநாள் மாலை, கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவும் இடத்தில் போய் நின்று, எதில் கழுவுகிறோம் என்று பார்த்தாள். குரோமிக் ஆசிட். கல்லூரி ஆய்வகங்களில் காலங்காலமாகக் கண்ணாடியைச் சுத்தம் செய்வது அதில்தான். குரோமியத்தைத் தேடும் பாத்திரத்தையே குரோமியத்தில் கழுவிக்கொண்டிருந்தோம். எல்லாவற்றையும் நைட்ரிக் அமிலத்தில் கழுவி, அதுவரை எடுத்த அளவுகள் அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. புராஜெக்ட் சமர்ப்பிக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அவளும் "ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர்" தாளோடுதான் வந்தாள். நான் எழுதிய கடிதத்தில் பாதிப் பக்கம் இந்தப் பிளாங்க் கதைதான். எங்களிடம் என்ன கருவி இருந்தது, என்ன இல்லை, அவள் வகுப்பில் எத்தனையாவது இடம், எங்கள் தேர்வில் அந்த மதிப்பெண் எடுப்பது எவ்வளவு அரிது என்பதையும் எழுதினேன். இணையவழி நேர்காணலில் அந்தப் பேராசிரியர் முதலில் கேட்டதே அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தைப் பற்றித்தான் என்று அவள் போனில் சொன்னாள். இப்போது ஸ்வீடனில் மண்ணில் உலோகங்கள் எப்படி நகர்கின்றன என்று ஆராய்கிறாள், சம்பளத்தோடு.

பெரிய கருவிகள் இல்லாத கல்லூரியில் படித்தோம் என்பதை நம் பிள்ளைகள் விண்ணப்பத்தில் மறைக்கப் பார்க்கிறார்கள். மறைக்கவே வேண்டாம். இல்லாததை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் உங்கள் விண்ணப்பத்தின் உயிர். அதை நீங்களே உங்களைப் பற்றிச் சொன்னால் பெருமை பேசுவது மாதிரி இருக்கும். நான் சொன்னால் சாட்சி.

அப்புறம் நடைமுறை விஷயங்கள். கடிதம் இப்போது தாளில் போவதில்லை. விண்ணப்பத்தில் என் மின்னஞ்சலைக் கொடுத்தால் பல்கலைக்கழகம் எனக்கு ஒரு இணைப்பு அனுப்பும், நான் நேரடியாகப் பதிவேற்ற வேண்டும். ஜிமெயில் முகவரியைப் பல இடங்களில் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள், ஆகவே உங்கள் ஆசிரியரிடம் கல்லூரி முகவரி இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். இல்லையென்றால் முதல்வரிடம் சொல்லி ஒன்று உருவாக்கித் தரச் சொல்லுங்கள், இது ஒன்றும் பெரிய வேலை இல்லை. அமெரிக்க விண்ணப்பங்களில், பரிந்துரைக் கடிதத்தைப் பின்னால் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். பிள்ளைகள் பயந்துபோய் மாட்டேன் என்று குறித்துவிடுகிறார்கள். விட்டுக்கொடுப்பதாகவே குறியுங்கள். நீங்கள் பார்க்க மாட்டீர்கள் என்று தெரிந்தால்தான் படிப்பவர் அந்தக் கடிதத்தை நம்புவார். அங்கே கிழக்குக் கரையில் டிசம்பர் 1 நள்ளிரவு கடைசி நேரம் என்றால், நமக்கு அது டிசம்பர் 2 காலை பத்தரை மணி. இதை நம்பிக்கொண்டு கடைசி இரவு வரை காத்திருக்காதீர்கள்.

இணைப்பைத் திறந்தால் ஒரு கட்டம் வரும். இந்த மாணவர் நீங்கள் கண்டவர்களில் மேல் 1 சதவீதமா, 5 சதவீதமா, 10 சதவீதமா, 25 சதவீதமா. எல்லாருக்கும் நான் முதல் கட்டத்தில் குறிப்பதில்லை, இதை மாணவர்களிடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன். அடுத்த வருடமும் இதே கல்லூரியிலிருந்து ஒரு பிள்ளை விண்ணப்பிக்கும். என் வார்த்தைக்கு மதிப்பு இருந்தால்தான் அந்தப் பிள்ளைக்கும் உதவும்.

பணம் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். சென்ற ஆண்டு குடியாத்தத்திலிருந்து ஒரு அப்பா, லுங்கி நெசவு செய்பவர், மகனோடு என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு கன்சல்டன்சி கொடுத்த பளபளப்பான புத்தகம். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாமா என்று கேட்டார். அய்யா, வேண்டாம் என்றேன். அந்த நிறுவனங்கள் பலவற்றுக்கு, கட்டணம் கட்டிச் சேரும் மாணவனுக்காகப் பல்கலைக்கழகம் கமிஷன் தருகிறது. சம்பளம் தரும் பிஎச்.டி.யில் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது, ஆகவே அதைப் பற்றி அவர்கள் பேசுவதே இல்லை. ஐரோப்பாவில் ஊழியராகச் சேரும் பிஎச்.டி. இடங்களுக்குப் பொதுவாக விண்ணப்பக் கட்டணமே இருக்காது. அமெரிக்காவில் கட்டணம் உண்டு, ஆனால் குடும்ப வருமானத்தைச் சொல்லி எழுதிக் கேட்டால் சில பல்கலைக்கழகங்கள் தள்ளுபடி செய்கின்றன. கேட்க வெட்கப்படக் கூடாது.

அரசு உதவித்தொகைகளும் இருக்கின்றன, நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அவை போய்ச் சேரவில்லை என்பது என் ஆதங்கம். ஒன்றிய சமூக நீதி அமைச்சகத்தின் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப்பில் ஆண்டுக்கு 125 இடங்கள். அதில் 115 பட்டியல் சாதியினருக்கு, மற்றவை சீர்மரபு மற்றும் நாடோடிப் பழங்குடியினருக்கும், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் குடும்பங்களுக்கும். 35 வயதுக்குள் இருக்க வேண்டும், 60 சதவீத மதிப்பெண், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள். தமிழ்நாடு அரசும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகை தருகிறது. இரண்டுக்கும் வருமானச் சான்று, சாதிச் சான்று எல்லாம் தயாராக இருக்க வேண்டும், தாலுகா அலுவலகத்துக்கு நடக்க ஆகும் நாட்களையும் கணக்கில் வையுங்கள்.

1989-இல் பழைய வட ஆற்காடு மாவட்டம் பிரிந்தபோது நம் பகுதிக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றுதான் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் போட்ட சான்றிதழ்கள் இன்னும் பல வீட்டு பீரோக்களில் இருக்கும். 1913-இல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில், மாதம் பதினொன்றரை பவுண்டு, 3 ஆண்டுகளுக்கு. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதைப் பார்ப்பதற்காகவே ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன்.

என் சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பேட்சில் இத்தனை பேர், யாரை ஞாபகம் வைத்துக்கொள்வது என்கிறீர்கள், சரிதான். நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பிராக்டிகல் முடிந்ததும் கண்ணில் பட்டதை ஓரிரு வரி எழுதிவிடுவேன். யார் பியூரெட்டை இரண்டாவது முறை சரிபார்த்தது, யார் தப்பு வந்த அளவை அடிக்காமல் அப்படியே எழுதியது, யார் பக்கத்து மேசைப் பெண்ணுக்கு அமிலம் தெறித்தபோது ஓடிப்போய்க் குழாயைத் திறந்தது. பின் வரிசையில் வாய் திறக்காமல் உட்காரும் பிள்ளைகளைப் பற்றித்தான் அதில் அதிகம் இருக்கும். அவர்களுக்காக எழுத வீட்டில் யாருக்கும் தெரியாது, நாம்தான் எழுத வேண்டும்.

இந்த வருடம் விண்ணப்பிக்கிறவர்கள் செப்டம்பர் முடிவதற்குள் வந்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் லேப் முடிந்ததும் துறையில்தான் இருப்பேன். மதிப்பெண் பட்டியல் நகல், புராஜெக்ட் ரிப்போர்ட், எந்தெந்த இடத்துக்கு எந்தத் தேதிக்குள் என்று எழுதிய ஒரு தாள், இவை போதும். வேறு யார் யாரிடம் கடிதம் கேட்டிருக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள், அவர்கள் எழுதாததை நான் எழுதுகிறேன். வேறு கல்லூரியில் படித்தவர்களுக்கு என்னால் கடிதம் தர முடியாது, ஆனால் உங்கள் ஆசிரியரிடம் எப்படிக் கேட்பது என்று உட்கார்ந்து பேசலாம், வாங்க.