மாண்ட்கமரியில் மண்ணிட்டு மூடிய நீச்சல்குளம்

அலபாமாவின் தலைநகரான மாண்ட்கமரியில் டெக்ஸ்டர் அவென்யூ நீண்ட தெரு அன்று. ஒரு முனையில், ஒரு காலத்தில் அடிமைகளை ஏலம் விட்ட கோர்ட் சதுக்கம். மறுமுனையில் மேட்டின் மேல் மாநிலச் சட்டமன்றக் கட்டடம். அதன் படிகளுக்கு மேலே பதிக்கப்பட்டுள்ள உலோக நட்சத்திரம், அடிமை முறையைக் காப்பதற்காகப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் அதிபராக 1861-இல் ஜெபர்சன் டேவிஸ் பதவியேற்ற இடத்தைக் குறிக்கிறது. நிறப்பிரிவினை என்றென்றும் நீடிக்கும் என்று 1963-இல் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் முழங்கியதும் அங்கேதான். இரண்டுக்கும் இடையே நூறாண்டுகள் கடந்திருந்தன. 1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்துவிட்ட பிறகும், 1896-இல் உச்ச நீதிமன்றம் 'தனித்தனி, ஆனால் சமம்' என்ற ஏற்பாட்டை ஒப்புக்கொண்டதால், பள்ளி முதல் குடிநீர்க் குழாய் வரை எல்லாவற்றையும் நிறம் பார்த்துப் பிரிக்க மாநிலங்களுக்குத் துணிவு வந்தது.

இந்த ஊரின் பேருந்தில் கறுப்பின மக்கள் முன்வாசலில் ஏறிக் காசு கொடுத்துவிட்டு, இறங்கிப்போய்ப் பின்வாசலில் ஏற வேண்டியிருந்தது. அதற்குள் ஓட்டுநர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவதும் உண்டு. வெள்ளையருக்கென ஒதுக்கிய முதல் பத்து இருக்கைகள் காலியாகக் கிடந்தாலும் அவர்கள் உட்காரக் கூடாது. 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் வெள்ளையருக்கு இடம்விட்டு எழ மறுத்துக் கைதானதையும், 381 நாட்கள் நீண்ட பேருந்துப் புறக்கணிப்பையும் உலகம் அறியும். அதே ஆண்டு மார்ச் மாதத்தில், பதினைந்தே வயதான கிளாடெட் கால்வின் இதேபோல எழ மறுத்துக் கைதானதைப் பலர் அறிய மாட்டார்கள். பேருந்துப் பிரிவினையை வீழ்த்திய வழக்கில் அவரும் ஒரு வாதி.

நகரை நோக்கிய குன்றொன்றில் 2018-இல் திறக்கப்பட்ட நினைவிடத்தில், கறுப்பின மக்களைக் குறிவைத்த கும்பல் கொலைகள் நடந்த ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒன்றாக எண்ணூறுக்கும் மேற்பட்ட துருநிற எஃகுத் தூண்கள் உள்ளன. முதலில் கண்ணெதிரே நிற்கும் அவை, நாம் நடக்க நடக்கத் தரை தாழ்ந்துகொண்டே போவதால், சிறிது நேரத்தில் தலைக்கு மேல் தொங்குகின்றன. பெயரும் தேதியும் பொறித்த வரிகளுக்கு நடுவே, பெயர் தெரியாதவர் என்று மட்டும் எழுதிய வரிகளும் இருக்கின்றன. அந்த வரிகளைக் கடந்து செல்வதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது.

ஆனால் வெறுப்பு எந்த எல்லை வரை போகும் என்பதை எனக்குப் புரியவைத்தது, பயணிகள் அதிகம் தேடிப் போகாத ஓக் பார்க். மரங்கள் அடர்ந்த, அமைதியான பூங்கா. அன்று வெள்ளையருக்கு மட்டுமாக இருந்த இதனூடே குறுக்கு வழியாக நடந்த கறுப்பின இளைஞர் ஒருவரைக் காவலர்கள் அடித்தார்கள். பூங்காக்களை எல்லோருக்கும் திறந்துவிடக் கோரி வழக்குத் தொடுக்கப்பட்டதும், நகராட்சி 1959 ஜனவரி 1 முதல் ஊரிலுள்ள அத்தனை பூங்காக்களையும் மூடியது. இங்கிருந்த விலங்குக் காட்சியகம் கலைக்கப்பட்டது. நீச்சல்குளம் மண்ணிட்டு நிரப்பப்பட்டது. கறுப்பினக் குழந்தைகளோடு ஒரே நீரில் இறங்குவதைவிட, தங்கள் குழந்தைகளுக்கும் குளமே இல்லாமல் போவது மேல் என்று ஒரு நகரமே முடிவெடுத்திருக்கிறது.

1965-இல் பூங்காக்கள் திறந்தபோதும் அந்தக் குளம் திரும்பி வரவில்லை. வழக்கும் அத்தோடு ஓயவில்லை. வெள்ளையருக்கு மட்டுமான தனியார் பள்ளிகளுக்கு நகராட்சி தன் மைதானங்களைத் தனியுரிமையாகக் கொடுத்துவந்ததை உச்ச நீதிமன்றம் தடுக்க 1974 வரை ஆயிற்று.