பி பக்கத்துக் கடைசிப் பாட்டும் 4.2 சதவீதமும்

பழைய கேசட்டில் பெயர் தெரியாமல் கிடந்த பாட்டு ஒருவழியாகப் பிடிபட்டது. டிடிகே டி-60 வெற்றுக் கேசட், கேட்ட பாட்டைப் பதிந்து தரும் ரெக்கார்டிங் சென்டர் பதிவு. உறையில் எழுதியிருப்பது பி பக்கத்தில் ஆறு பாட்டு. நாடாவில் ஓடுவது ஏழு. அந்த ஏழாவதைத்தான் நண்பர்கள் வட்டத்தில் யாராலும் சொல்ல முடியவில்லை. தெரிந்த குரல்தான், ஆனால் யாரென்று பிடிபடாத மாதிரி ஒரு கீச்சுத்தனம். பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலி ஷஸாமும் கையை விரித்துவிட்டது. இப்போது பெயர் கிடைத்துவிட்டது: வி. குமார் இசை, கேசட்டில் மற்றதெல்லாம் ராஜா.

இத்தனை நாள் பிடிபடாததன் காரணம் எளிது. ஆறு பாட்டு சென்டர் டெக்கில் பதிந்தவை. மிச்சமிருந்த நாலு நிமிடத்தில் யாரோ வீட்டு டூ-இன்-ஒன்னில் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டி) ஏழாவதைச் சேர்த்திருக்கிறார்கள். டெக் வேறு என்றால் நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டின் சாய்வும் வேறு, மோட்டார் வேகமும் வேறு. இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்யாமல் இந்த இடைச்செருகல்கள் வாய் திறக்காது.

முதலில் அசிமத், அதாவது அந்த ஹெட்டின் சாய்வு. எல்லோரும் ஹெட்டைத் துடைக்கிறார்கள், சாய்வை மாற்றும் ஸ்க்ரூவைத் தொடப் பயப்படுகிறார்கள். கேசட் நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது, அப்படியானால் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை நாடாவில் பிடிக்கும் இடம் 4.76 மைக்ரான். இடது, வலது தடங்களின் மையங்களுக்கு நடுவே ஏறக்குறைய 0.9 மி.மீ. கணக்குப் போட்டால், ஹெட் 0.3 டிகிரி சாய்ந்தாலே ஒரு தடம் முழு அலை பின்தங்கிவிடும். ஜால்ரா, ஹை-ஹாட், 'ச'கர உச்சரிப்பு எல்லாம் கம்பளிக்குள் போவது இதனால்தான். அதை ஈக்வலைசரில் தூக்கி நிறுத்தினால் இரைச்சல்தான் தூக்கிக்கொண்டு வரும்.

70களின் தமிழ்ப் பாட்டு பெரும்பாலும் மோனோ என்பது இங்கே பெரிய வசதி. இரண்டு தடத்திலும் ஒரே ஒலி. ஒன்றின் அலையைத் தலைகீழாக்கிக் கூட்டினால் மறைந்துவிட வேண்டும். மறையாமல் மிஞ்சுவது சாய்வின் பிழை. ஆகவே, கேசட் ஓட ஓட, வலது சேனலை இன்வர்ட் செய்து மோனோவாக ஹெட்போனில் கேட்டபடி ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். குரல் கரைந்து, மிச்சம் வெறும் 'உஸ்' மட்டும் கேட்கும் இடம்தான் சரியான இடம். பெரும்பாலும் கால் சுற்றுக்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டினால் வேறெங்கோ கோளாறு, நிறுத்திவிடலாம்.

இதில் ஒரு பொறி உண்டு. உச்ச ஒலிகளை மட்டும் கேட்டுத் திருப்பினால், ஒரு முழு அலை தள்ளிப்போன இடத்திலும் பொய்யாக மறையும். முதலில் 1–3 கிலோஹெர்ட்ஸில் குரலைக் கரைத்துவிட்டுப் பிறகுதான் மேலே போக வேண்டும். ஆரம்ப நிலையை மார்க்கரில் குறித்துக்கொள்வது அவசியம். காந்தமேறிய திருப்புளி வேண்டாம். ஏ பக்கத்துக்கும் பி பக்கத்துக்கும் ஒரே நிலை பொருந்தும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். இந்த கேசட்டில் மூன்று நிலைகள். இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தானைத் தொடுவதெல்லாம் இதற்குப் பிறகுதான். அசிமத் தப்பாக இருக்கும்போது டால்பி பி போட்டால் இருக்கிற கொஞ்ச உச்ச ஒலியையும் விழுங்கிவிடும்.

அடுத்தது வேகம். பதிந்த டூ-இன்-ஒன் மெதுவாக ஓடியிருந்தால், சரியான டெக்கில் பாட்டு வேகமாக ஓடி சுருதி ஏறும். ஒரு அரைச்சுரம் கிட்டத்தட்ட 6 சதவீதம். ஒப்பிட மூலப் பாட்டே தெரியாதபோது எதை வைத்து அளப்பது? கரண்ட் ஹம்! வீட்டு மின்சாரத்தில் பதிந்ததால் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் நாடாவில் ஏறியிருக்கிறது. பாட்டுத் தொடங்குமுன் இருக்கும் மூன்று விநாடி வெற்றிடத்தைத் தேர்ந்து, ஒலித் திருத்த மென்பொருள் ஆடாசிட்டியின் ப்ளாட் ஸ்பெக்ட்ரத்தில் 65536 அளவு வைத்தால் முகடு தெரியும். 50-ஐவிட அதன் மடங்குகளில் துல்லியம் அதிகம். இங்கே 150 இருக்க வேண்டிய இடத்தில் 156.6. அதாவது 4.4 சதவீதம் வேகம். திருத்தம் மைனஸ் 4.2 (150-ஐ 156.6-ஆல் வகுத்தால் 0.958). டெம்போ மட்டும் மாற்றும் எஃபெக்ட் வேண்டாம், வேகமும் சுருதியும் சேர்ந்து மாறுவதுதான் வேண்டும். 150-லேயே தனியாக இன்னொரு முகடு நின்றால் அது நம் டெக்கின் சொந்த உறுமல், ஏமாறக் கூடாது. பேட்டரியில் பதிந்திருந்தால் இந்த வித்தை பலிக்காது.

திருத்திய முப்பது விநாடித் துண்டைக் கேட்டதும் ஷஸாம் உடனே பெயர் சொன்னது. வட்டத்துக்குள் அனுப்புவதும் முப்பது விநாடித் துண்டும் பட்டியலும்தான். வாட்ஸாப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் தரம் குறையாது. முழுப் பாட்டை அவரவர் முறையாகத் தேடிக் கேட்டுக்கொள்ளலாம்.

கணினியில் பதிவதற்கு மற்றவை சுருக்கமாக: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 6 டெசிபெல். லேப்டாப்பின் மைக் துளை பெரும்பாலும் மோனோ, அதில் சொருகினால் மேலே சொன்ன வித்தை அத்தனையும் வீண். லைன்-இன் உள்ள யூஎஸ்பி கார்டு வேண்டும். ஓட்டுமுன் ஒருமுறை முழுதும் முன்னும் பின்னும் சுற்றிவிட வேண்டும். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் பஞ்சுப் பட்டை உதிர்ந்திருந்தால், ஐந்து ஸ்க்ரூ உள்ள வேறு கூட்டுக்குள் நாடாவை மாற்றலாம். ஒட்டிய கூடு என்றால் பிளேடுதான் கதி.

டெக்கின் பெல்ட்டும், நாடாவை இழுக்கும் பிஞ்ச் ரோலரும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடலாம். ஒரு கடையில் "எல்லா டெக்குக்கும் பொருந்தும்" என்று தந்த பெல்ட் அரை மில்லிமீட்டர் தடிமன் கூடுதல். நீளமான சுரமெல்லாம் அழுதது. பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது. மூர் மார்க்கெட் பக்கம் போனால் பதிந்த டி-60களைத்தான் பொறுக்க வேண்டும், கம்பெனி கேசட்டை அல்ல. இடைச்செருகல் அதில்தான் இருக்கும். சங்கர்-கணேஷ், ஷ்யாம், சந்திரபோஸ் என்று யாரும் கேட்டு வாங்காத பாட்டெல்லாம் அப்படி ஒளிந்துகொண்டிருக்கும்.

ஏ பக்கம் இன்னும் பாக்கி. அதன் கடைசியில் ஒன்றரை நிமிடம் ரேடியோவிலிருந்து பிடித்தது போலிருக்கிறது, மீடியம் வேவ் கரகரப்பு. அதில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவுமே இல்லை, அசிமத்தை எதை வைத்துப் பிடிப்பது என்று தெரியவில்லை. அறிவிப்பாளர் குரலின் 'ஸ'வை வைத்து முயல வேண்டும்.