8-39ஆ, 9-41ஆ? அம்பாசிடர் பின் ஆக்ஸிலைப் பிரிக்காமல் பல் எண்ணியது

பள்ளிகொண்டா தாண்டி ஆம்பூர் பக்கம் போகும்போது கிலோமீட்டர் கல்லை வைத்துப் பார்த்ததில் சந்தேகம் உறுதியாகிவிட்டது. பத்துக் கல் கடந்தும் என் மார்க் 2 அம்பாசிடரின் ஓடோமீட்டர் ஒன்பதே காலுக்குக் கொஞ்சம் மேலேதான் நின்றது. ஸ்பீடோ முள் சும்மாவே ஆடும், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. டயர் பழைய 5.90-15 அளவுதான். மிச்சம் இருப்பது டிஃப்ரன்ஷியல், அதாவது எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி.

ஸ்பீடோ கேபிள் கியர்பாக்ஸின் வாலிலிருந்து ஓடுகிறது. அங்கிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியது என்பதுதான் அதற்குத் தெரியும், சக்கரம் எவ்வளவு உருண்டது என்பது தெரியாது. இந்த வண்டிக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-இல் ஷாஃப்ட் முனையிலுள்ள சின்னப் பல்சக்கரமான பினியனுக்கு 8 பல், அது சுற்றும் பெரிய பல்சக்கரமான கிரௌன் வீலுக்கு 39, வகுத்தால் 4.875; கிரௌன் வீல் ஒரு சுற்று வர ஷாஃப்ட் அத்தனை சுற்று சுற்ற வேண்டும். அதே பி.எம்.சி. (மோரிஸைத் தயாரித்த பிரிட்டிஷ் நிறுவனம்) குடும்பத்தில் 9-41 (4.555), 10-43 (4.3) ஜோடிகளும் உண்டு; அவற்றில் ஷாஃப்ட் குறைவாகச் சுற்றும், ஓடோமீட்டரும் குறைவாகக் காட்டும். "ஆக்ஸில்ல கையே வெக்கல சார்" என்றார் விற்றவர். விற்கிறவர் வேறென்ன சொல்வார்!

பல் எண்ணிக்கையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இரண்டு பக்க ஆக்ஸில் ஷாஃப்டையும் உருவி, டிஃப்ரன்ஷியலை முன்பக்கமாக இறக்க வேண்டும். பின்னால் கழற்றிப் பார்க்க மூடி கிடையாது. வேலூர் வெயிலில் அந்த வேலை வேண்டாம் என்று, விடிந்ததும் விடியாததுமாக வெளியிலிருந்தே எண்ண உட்கார்ந்தோம்.

இடது பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, தரையில் இருக்கிற மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்தேன். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் விட்டிருக்க வேண்டும். பின்சக்கரம் இரண்டையும் தூக்கினால் ஒன்றைச் சுற்றும்போது மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும், ஷாஃப்ட் அசையாமல் நிற்கும். ஒன்று தரையில் பிடித்து நின்றால், தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று வந்தால்தான் கிரௌன் வீல் ஒரு சுற்று வரும். இந்த இரண்டை மறந்தால் கணக்கு பாதியாகிவிடும்.

டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, மட்கார்டில் அதற்கு நேராக ஒன்று. பினியன் ஃபிளாஞ்சிலும் (ஷாஃப்ட் பினியனோடு சேரும் வட்டத் தகடு) ஹவுசிங்கிலும் (ஆக்ஸிலின் வெளிக்கூடு) அதே மாதிரி. மைத்துனர் மகன் அடியில் படுத்து ஷாஃப்டை எண்ணினான், நான் சக்கரத்தை. ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும். கோடு தாண்டிவிட்டதே என்று பின்னுக்கு இழுத்தால் பல் இடைவெளியும் ஜாயின்ட் ஆட்டமும் சேர்ந்து ஃபிளாஞ்ச் கோட்டை ஒரு விரற்கடை தள்ளிவிடுகிறது.

இரண்டு சுற்றில் ஷாஃப்ட் நாலரையைச் சற்றுத் தாண்டியது. 4.875 என்றால் ஐந்தை ஒட்டி வந்திருக்கும். மெக்கானிக்குகள் இதோடு நிறுத்திவிடுவார்கள், அது போதும்தான். ஆனால் இரண்டு கோடும் ஒருசேரப் பழைய இடத்துக்கு வரும் வரை சுற்றினால் பல் எண்ணிக்கையே கிடைத்துவிடும். 8-39 ஆக இருந்தால் சக்கரம் 16 சுற்றில் ஷாஃப்ட் 39. எங்களுக்கு 16-இல் ஃபிளாஞ்ச் கோடு கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம் கிடந்தது. 18 முடிந்தபோது அடியிலிருந்து குரல்: "மாமா, நாப்பத்தொண்ணு. கோடு கோட்டுமேலயே நிக்குது."

கிரௌன் 9 சுற்று, பினியன் 41 சுற்று. ஆக 9-41. இந்த எண்களுக்குப் பொது வகுஎண் இல்லாதபடி வைத்திருப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு: பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரௌனின் எல்லாப் பல்லையும் மாறி மாறிச் சந்திக்கும், தேய்மானம் ஓரிடத்தில் சேராது. கோடுகள் அவ்வளவு தாமதமாகச் சேர்வதும் அதனால்தான்.

4.555-ஐ 4.875-ஆல் வகுத்தால் 0.934. பத்துக் கல்லுக்கு 9.34, நெடுஞ்சாலையில் பார்த்த அதே கணக்கு. டாப் கியரில் 60-இல் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 150 சுற்று குறைவாக ஓடுகிறது, காதுக்கும் நிம்மதி. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இழுவை கொஞ்சம் குறையும், ஆனால் நான் வருஷத்துக்கு எத்தனை தடவை ஏறப்போகிறேன்? மாற்றுவதாக இல்லை. ஸ்பீடோ 56 காட்டினால் 60 என்று டாஷ்போர்டில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டேன்.

படுத்தவன் சட்டையில் எண்ணெய்க் கறை. பினியன் சீல் வியர்க்கிறது. அடுத்து அதைத்தான் மாற்ற வேண்டும், 90 நம்பர் ஆயிலோடு சேர்த்து.