மேரி கிங்ஸ்லி காட்டுக்குள் போனது வியாபாரியாக

மேற்கு ஆப்பிரிக்காவில் தனியே பயணம் செய்த ஆங்கிலேயப் பெண் மேரி கிங்ஸ்லி என்றதும் எல்லோரும் அவருடைய துணிச்சலைத்தான் பேசுவார்கள். துணிச்சல் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் 1895-ல் இன்றைய காபோன் நாட்டுக் காடுகளைக் கடந்து அவர் உயிரோடு வெளியே வந்ததில் கொடுக்கல் வாங்கலுக்குப் பெரிய பங்குண்டு. அதை யாரும் விரிவாகச் சொல்வதில்லை.

1862-ல் லண்டனில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போகவில்லை, அப்பாவின் புத்தக அலமாரிதான் படிப்பு. மருத்துவரான அப்பா உலகம் சுற்ற, மகள் நோயாளி அம்மாவைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு கிடந்தார். 1892-ல் சில வாரங்களுக்குள் இருவரும் இறந்துபோனார்கள். அடுத்த ஆண்டே மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். 1894 டிசம்பரில் தொடங்கிய இரண்டாம் பயணம்தான் பெரியது.

காட்டுக்குள் வரும் வெள்ளையர் பெரும்பாலும் அதிகாரியாகவோ பாதிரியாகவோ வியாபாரியாகவோ இருப்பார்கள். சும்மா ஊர் பார்க்க வந்தேன் என்றால் சந்தேகம்தான் வரும். துணி, புகையிலை, தூண்டில் முள்ளோடு வந்து ரப்பரும் தந்தமும் கேட்டால், வந்த காரணம் ஊருக்கே புரியும். பேரம் பேச உட்கார வேண்டும், உட்கார்ந்தால் சாப்பாடும் படுக்க இடமும் கிடைக்கும். மேரி இந்த மூன்றாவது வழியைப் பிடித்தார்.

ஒகோவே ஆற்றிலிருந்து ரெம்ப்வே ஆற்றுக்குக் காட்டு வழியாக நடந்தபோது ஃபாங் இனத்தவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். நரமாமிசம் தின்பவர்கள் என்று கடற்கரை முழுக்கப் பெயர் வாங்கியவர்கள். கூலியை முன்கூட்டிக் கொடுக்கவில்லை. ரெம்ப்வே கரையில் இருந்த ஹாட்டன் அண்ட் குக்சன் கம்பெனியின் கிளைக் கடையில் சரக்காகத் தருவதாகப் பேச்சு. இதைவிட நல்ல பாதுகாப்பு ஏது? கூலி கைக்கு வர வேண்டுமென்றால் அந்த அம்மாள் ரெம்ப்வே கரைக்கு முழுசாகப் போய்ச் சேர வேண்டும்.

போகிற இடமெல்லாம் “உன் புருஷன் எங்கே?” என்று கேட்பார்கள். கல்யாணம் ஆகவில்லை என்று சொன்னால் கேள்வி முடியாது. அதனால் அவர் சொல்லும் உபாயம்: புருஷனைத் தேடிப் போகிறேன் என்று சொல், நீ எந்தத் திசைக்குப் போக வேண்டுமோ அந்தத் திசையைக் காட்டு.

உடை லண்டனில் போட்ட அதே நீளமான தடித்த பாவாடை. விலங்கு பிடிக்கத் தோண்டிய பதினைந்தடிக் குழி ஒன்றில் விழுந்தபோது, அடியில் ஓரடி நீளத்தில் ஒன்பது கூரிய கருங்காலி முளைகள் நின்றன. மடிந்து அடியில் திரண்ட பாவாடைத் துணியால்தான் பிழைத்தார். காட்டுக்கொடியை இறக்கித் தூக்கினார்கள். கழுத்தளவு சதுப்பில் நடந்து ஏறினால் கழுத்தைச் சுற்றி அட்டைகள். அதற்கு மருந்து, வியாபாரத்துக்குக் கொண்டுபோன உப்பு.

மீன் சேகரிப்புதான் அவருடைய அறிவியல் வேலை. பிரிட்டிஷ் மியூசியத்தின் விலங்கியலாளர் ஆல்பர்ட் குந்தர் அவரிடம் சாராய ஜாடிகளைக் கொடுத்தனுப்பியிருந்தார். கேட்கச் சுலபம், செய்யக் கடினமான வேலை அது. மீனின் உடம்பிலுள்ள நீர் சாராயத்தில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். மாற்றாமல் விட்டால் மீன் அழுகிவிடும். பெரிய மீனுக்கு வயிற்றைக் கீறாவிட்டால் சாராயம் உள்ளே இறங்காது. நிறம் வெளுத்துவிடுவதால் பிடித்தவுடனே குறித்துக்கொள்ள வேண்டும். எந்த இடத்தில் பிடித்தது என்ற சீட்டு தொலைந்தால் அந்த மீனால் பாதிப் பயன்கூட இல்லை. இத்தனையும் படகு கவிழும் சுழல்களைத் தாண்டி வந்து சேர வேண்டும். வந்து சேர்ந்தவற்றில் மூன்று இனங்களுக்கு 1896-ல் குந்தர் மேரியின் பெயரை வைத்தார். அவற்றில் ‘டீனோபோமா கிங்ஸ்லியே’ நம்மூர்ப் பனையேறிக் கெண்டையின் குடும்பம். இரண்டுமே காற்றைச் சுவாசிக்கும்.

1895 செப்டம்பரில், அப்போது ஜெர்மானியர் ஆண்ட காமரூனில், 4,000 மீட்டருக்கு மேல் உயரமான காமரூன் மலையையும் தென்கிழக்குப் பக்கமாக ஏறினார். உச்சியில் மூடுபனி, ஒன்றும் தெரியவில்லை.

இவரைப் பிரிட்டிஷ் பேரரசின் எதிரி என்று எழுதுவது தவறு. ஆப்பிரிக்காவை அதிகாரிகளைவிட லிவர்பூல் வியாபாரிகள் நன்றாக ஆள்வார்கள் என்று நம்பினார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர்களோடும் சேரவில்லை. இந்த இரண்டிலும் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. ஆனால் 1898-ல் சியரா லியோனில் சிறிய வீட்டுக்கு ஐந்து ஷில்லிங், பெரியதற்குப் பத்து என்று குடிசை வரி போட்டு, பாய் புரே என்ற உள்ளூர்த் தலைவரின் தலைமையில் கலகம் வெடித்தபோது, அவர் வைத்த வாதம் கூர்மையானது. என் வீட்டுக்கு நான் வரி கொடுத்தால் வீடு இனி என்னுடையது அல்ல என்றுதான் அந்த மக்களின் சொத்து முறையில் பொருள். அவர்கள் எதிர்த்தது உரிமைப் பறிப்பை. விசாரணைக்கு அனுப்பப்பட்ட அரசு ஆணையர் சால்மர்ஸும் வரியை நீக்கச் சொன்னார். குடியேற்ற அமைச்சர் சேம்பர்லின் கேட்கவில்லை, வரி நீடித்தது.

1900 ஜூன் 3 அன்று, தென்னாப்பிரிக்காவின் சைமன்ஸ் டவுனில், பிரிட்டனோடு நடந்த போரில் பிடிபட்ட போயர் (டச்சு வழிக் குடியேறிகள்) கைதிகளுக்குச் செவிலியாக வேலை பார்க்கையில் டைஃபாய்டில் இறந்தார். வயது 37. நிலமும் விளைபொருளும் ஆப்பிரிக்கர்களுடையவை என்ற அவருடைய வாதத்தை லிவர்பூல் கப்பல் கம்பெனி எழுத்தர் இ. டி. மோரல் கையில் எடுத்தார். 1904-ல் அவர் தொடங்கிய காங்கோ சீர்திருத்தச் சங்கம், பெல்ஜிய அரசன் லியோபோல்டு காங்கோவில் ரப்பருக்காக நடத்திய கொடுமைகளை அம்பலப்படுத்தியபோது அடிப்படையாக வைத்ததும் இதைத்தான்.