மனுக்கள் குழுவின் முன் எங்கள் 19 குடும்பங்கள்

எங்கள் ஊரில் பாசன வாய்க்கால் வெட்டுவதற்காக 1987-ஆம் ஆண்டு இறுதியில் எடுக்கப்பட்ட நிலங்களுக்கு, எங்கள் குடும்பம் உட்பட 19 குடும்பங்கள் இழப்பீடு பெறவில்லை. சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு பக்கத்து மாவட்டத்தில் ஆய்வு செய்துவிட்டுப் போனதைக் கேள்விப்பட்டபோது, எங்கள் மாவட்டத்துக்கு அது வருவதற்குள் சாட்சியங்களைத் திரட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் குழுவின் நிபந்தனைகளே எங்களை யோசிக்க வைத்தன. பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. தனிநபர் குறையோ நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள பொருளோ கூடாது. தமிழில் எழுதி ஐந்து நகல்கள் தர வேண்டும். ஆளுக்கொரு மனு எழுதினால் தனிநபர் குறை என்று தள்ளிவிடுவார்கள் என்பதால், ஒரே வாய்க்காலுக்காக ஒரே நேரத்தில் நிலம் இழந்தவர்களின் கூட்டு மனுவாக எழுதி, ஒவ்வொரு குடும்பத்தின் வாக்குமூலத்தையும் அதன் இணைப்பாக வைத்தோம்.

வாக்குமூலம் வாங்குவதுதான் நான் எண்ணியதைவிடக் கடினமாக இருந்தது. நிலம் பெரும்பாலும் கணவர் பெயரில் இருந்தது, அவர்கள் இறந்துபோயிருந்தார்கள். வரப்பில் நின்று பார்த்த பெண்களுக்கோ, தங்கள் சொல் அரசாங்கத்திடம் எடுபடும் என்ற நம்பிக்கையே இல்லை. தேதியைக் கேட்டால் எவராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் எண்பது வயதைக் கடந்த ஒரு பெரியம்மா, “எம்.ஜி.ஆர். செத்த மார்கழிதான் தம்பி, கதிர் பால் புடிச்சு நின்னுச்சு, அறுக்கக்கூட விடல” என்றார். அதன்பிறகு எல்லோரிடமும் தேதியைக் கேட்பதை விட்டுவிட்டு, அப்போது வயலில் என்ன நின்றது, வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கத் தொடங்கினேன். தனித்தனியாகப் பேசிய 11 பேர் அதே மார்கழியைச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, உரக்கப் படித்துக்காட்டி, திருத்தச் சொன்னதைத் திருத்திய பிறகே கையொப்பமோ கைநாட்டோ வாங்கினேன். என் வசதிக்காக ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன்.

நினைவுக்குத் துணையாக ஆவணம் வேண்டியிருந்தது. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்து, பசலி 1397-க்கும் அடுத்த பசலிக்கும் (பசலி என்பது ஜூலையில் தொடங்கும் வருவாய்த் துறை ஆண்டு) உரிய அடங்கல், அதாவது எந்தப் புலத்தில் என்ன பயிர் நின்றது என்று காட்டும் கிராமக் கணக்கின் நகல்களைப் பெற்றோம். 1987 ஜூலையில் தொடங்கிய அந்தப் பசலியில் எங்கள் புல எண்களுக்கு நேரே நெல் என்றும், அடுத்ததில் வாய்க்கால் என்றும் எழுதப்பட்டிருந்ததைப் பார்த்தபோது, பெரியம்மாவிடம் போய் அதைப் படித்துக்காட்டிவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.

அதே ஆவணங்கள் வேறொன்றையும் காட்டின. நான்கு குடும்பங்களுக்கான தொகை, உரிமைத் தகராறு காரணமாக 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி நீதிமன்றத்தில் வைப்பீடு செய்யப்பட்டிருந்தது. அவர்கள் அங்கே வழக்கறிஞர் மூலம் கேட்டுப் பெற வேண்டியவர்கள். இன்னொரு குடும்பத்தில் பாகப்பிரிவினை வழக்கு நடந்துகொண்டிருந்தது. இந்த ஐந்து குடும்பங்களையும் சேர்த்தால் மனு முழுவதுமே விழுந்துவிடும் என்று அஞ்சி, அவர்களிடம் நேரில் சொல்லி விலக்கினேன். இரண்டு வீட்டார் இன்னமும் என்னோடு பேசுவதில்லை. அவர்கள் வருத்தம் நியாயமானது.

மீதி 14 குடும்பங்களின் மனு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. விசாரணையன்று துறை அதிகாரி, நிலம் மனமுவந்து கொடுக்கப்பட்டதாகக் கோப்பில் இருப்பதாகச் சொன்னார். கொடுத்ததற்கான ஒப்புதல் கடிதம் எங்கே என்று ஓர் உறுப்பினர் கேட்டார், கடிதம் இல்லை. கதிர் நின்ற வயலை எவரும் மனமுவந்து கொடுக்க மாட்டார்கள் என்று நான் வாதாடத் தேவையிருக்கவில்லை, பெரியம்மாவின் வாக்குமூலத்தையும் அடங்கலையும் அடுத்தடுத்து நீட்டினேன்.

குழுவால் நீதிமன்றத்தைப் போலத் தீர்ப்பளிக்க முடியாது. துறையிடம் அறிக்கை கேட்கும், பரிந்துரைக்கும். எங்கள் புல எண்கள் 14-க்கும் இழப்பீடு வழங்கப்படவில்லை என்று துறை எழுத்தில் ஒப்புக்கொண்ட அறிக்கை நான்கு மாதங்களில் வந்தது. நிதி ஒதுக்கீட்டுக்கான கருத்துரு இப்போது தலைமைச் செயலகத்தில் இருக்கிறது. பெரியம்மாவின் வாரிசுகளுக்கான சான்றிதழைச் சென்ற வாரம்தான் வாங்கி, அவர் கைநாட்டு வைத்த தாளோடு சேர்த்து வைத்தேன்.