சுங்கை சிப்புட்டின் ஈரமும் என் கேமராப் பையும்

கோலாலம்பூரிலிருந்து ஈடிஎஸ் என்ற மின்சார ரயிலில் சுங்கை சிப்புட் போகிறவர்கள் ஜாக்கெட் எடுத்துக்கொள்வார்கள். பெட்டிக்குள் அவ்வளவு குளிர். கேமராவோடு போகிறவர்கள் கூடவே ஜிப் வைத்த கெட்டியான பிளாஸ்டிக் பை ஒன்றையும் எடுத்துப் போக வேண்டும். ரயில் ஊரை நெருங்கும்போது, இறங்குவதற்கு முன்பே, கேமராவை லென்ஸோடு அந்தப் பைக்குள் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடிவிடுவேன். வெளியே 32 டிகிரி வெயில், ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால், ஏறக்குறைய 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருள்மீதும் நீர் படியும். ஐஸ் மைலோ கிளாஸ் வியர்ப்பது போலத்தான் லென்ஸும் வியர்க்கும். பைக்குள் இருந்தால் அந்த வியர்வை பையின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும். உள்ளே இருக்கும் கண்ணாடி மெல்லச் சூடேறட்டும். அரை மணி, முக்கால் மணி ஆகும். ஸ்டேஷனில் இறங்கியவுடன் படம் எடுத்தே ஆக வேண்டும் என்கிற ஆசையை அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

ஈப்போவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது ஊர். மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த மண். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தொழிலாளிகளின் காசையே சேர்த்துத் தோட்டம் வாங்குவதற்காக 1960-ல் அவர் தொடங்கியதுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். சுற்றுவட்டாரத்தில் கித்தா என்கிற ரப்பர் போய்ச் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனை வந்து வெகுகாலமாகிறது. ஆனாலும் சின்னச் சின்னத் தோட்டங்களில் இன்னும் கித்தா வெட்டுகிறார்கள். அவர்களைப் படம் பிடிக்க வேண்டும், தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயத்தை விட்டு வந்த குடும்பங்களிடம் இருக்கும் பழைய படங்களைப் பிரதி எடுக்க வேண்டும். இந்த இரண்டுக்காகத்தான் அத்தை வீட்டில் தங்கினேன்.

கித்தா வெட்டு விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்டே கிடையாது. அதனால் முதல்நாள் மாலையே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. தலைவிளக்கின் வெளிச்சம் ஒரு சாண் பட்டைமீது விழ, உளி சரிவாக இறங்கி வர, வெட்டிய கோட்டில் வெள்ளையாகப் பால் கசிந்து, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்துக்குள் சொட்டும். அதைப் பார்க்க இருட்டில் நிற்கத்தான் வேண்டும்.

அந்த இருட்டில் பைக்குள் கைவிட்டுத் தேடினால் காரியம் கெட்டது. டார்ச் அடித்தாலும் பிரச்சினை. "தம்பி, வெளிச்சத்தக் கண்ணுல அடிக்காதீங்க, கோடு தெரியாது" என்று கித்தா வெட்டிக்கொண்டிருந்த அக்கா சொன்னது சரிதானே. அவர் வேலையைக் கெடுத்து நான் படம் எடுக்க முடியாது. ஆகவே என் பையில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு, அது எந்த ஊருக்குப் போனாலும் மாறாது. சார்ஜ் நிறைந்த பேட்டரி இடது பக்கம், தீர்ந்தது வலது பக்கம். மெமரி கார்டு உறையில் காலியான கார்டு முகம் தெரிய நிற்கும், படம் ஏறிய கார்டு கவிழ்ந்து நிற்கும். தூசியை ஊதித் தள்ளும் காற்றூதி மேல் உறையில். கேமராவில், மங்கிய வெளிச்சத்துக்கும் ஈடுகொடுக்கும் 35 எம்எம், எப் 1.8 லென்ஸ் மாட்டியபடியே இருக்கும். தோட்டத்துக்குள் லென்ஸ் மாற்றுவதே இல்லை. அந்த ஈரக் காற்றிலும் தூசியிலும் சென்சாரைத் திறந்து காட்ட மனம் வராது. பெரிய முதுகுப்பையைவிட இடுப்புப்பைதான் இங்கே உதவும், ஈரத் தரையில் எதையும் இறக்கி வைக்க வேண்டியதில்லை.

கொசு மருந்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு இது தெரிவதில்லை. கித்தாக் காட்டுக் கொசுவுக்கு மருந்து பூசாமல் நிற்க முடியாது. அக்கா இடுப்பில் ஒரு தகர டின்னைக் கட்டி அதற்குள் கொசுவர்த்தி கொளுத்தியிருந்தார். நாம் பூசும் மருந்துகள் பலவற்றில் டீட் என்ற ரசாயனம் இருக்கும். அது கொசுவை விரட்டும், ஆனால் பிளாஸ்டிக்கையும் இளக்கும். மருந்து பூசிய உள்ளங்கையோடு கேமராவைப் பிடித்தால் பிடியின் மேற்பரப்பு பிசுபிசுத்துப் போகும், எழுத்து அழியும். பூசியபின் உள்ளங்கையையும் விரல்களையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். இல்லையென்றால் பிகாரிடின் என்று அட்டையில் போட்டிருக்கும் மருந்தைத் தேடி வாங்குங்கள், அது பிளாஸ்டிக்கைத் தொடாது.

மாலையில் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனால் வேறு கவலை. விபூதித் தூள் லென்ஸில் பட்டால் சட்டை நுனியால் துடைக்கவே கூடாது. முதலில் ஊத வேண்டும், பிறகு தூரிகை, கடைசியாகத்தான் துணி. தீபாராதனைப் புகைக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்றால் படமும் நன்றாக வரும்.

இரவு கேமராவை எங்கே வைப்பது என்பதில் அத்தைக்கு ஒரு யோசனை. "அரிசி டின்னுக்குள்ள போட்டு வையேன்யா, ஈரத்த இழுத்துரும்." அரிசி ஈரத்தை இழுக்கும்தான், ஆனால் அதன் மாவுத்தூள் பட்டன் இடுக்கெல்லாம் போய் உட்காரும் என்று சொல்லி, அதே அளவு காலி டின் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். ரப்பர் வளையம் வைத்த மூடி, காற்றுப் புகாது. அடியில் சிலிக்கா ஜெல், உள்ளே சின்ன ஈரப்பதமானி. 40-லிருந்து 50 விழுக்காட்டுக்குள் நின்றால் நிம்மதியாகத் தூங்கலாம். 60-ஐத் தாண்டிய காற்றில் மாதக்கணக்காகக் கிடக்கும் லென்ஸுக்குள் பூஞ்சை நூல் நூலாகப் படரும், கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையாகிவிட்டால் ஈரம் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம். சூட்டில் உலர்த்தினால் மறுபடி பயன்படும். நீலமாக இருந்து ரோஜா நிறமாக மாறும் வகையில் கோபால்ட் குளோரைடு உண்டு, அதைச் சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். பூச்சி வராமலிருக்க நம் வீடுகளில் எல்லாப் பெட்டியிலும் போடும் பாச்சை உருண்டையும் சூடமும் கேமராப் பக்கம் வரவே கூடாது. கேமரா கம்பெனிகளின் கையேடுகளே இதை எச்சரிக்கின்றன.

லென்ஸைத் தின்னும் அதே ஈரம்தான் அத்தை வீட்டுச் சுவரிலிருந்த தாத்தா பாட்டியின் கல்யாணப் படத்தையும் தின்றுகொண்டிருந்தது. லயத்து வீட்டில் பல வருஷம் தொங்கிய படம். பாட்டியின் புடவைக் கரையோரம் பழுப்புப் புள்ளிகள். தாத்தாவின் தோள் பக்கம் படம் கண்ணாடியோடு ஒட்டிப் பளபளத்தது. பழைய படங்களின் மேற்பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் அது ஊறிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், பிரித்தால் முகமே கிழிந்து வரும். அதனால் சட்டத்தைத் திறக்கவேயில்லை. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, கேமராவுக்குப் பின்னால் அத்தையின் கறுப்புத் துணியைக் கட்டித் தொங்கவிட்டு, கண்ணாடிக்கு மேலாகவே எடுத்தேன். கறுப்புத் துணி இருப்பதால் என் சட்டையும் எதிர்ச்சுவரும் கண்ணாடியில் தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தபோது பாட்டி கழுத்துத் தாலிக்கொடியின் முறுக்குக்கூடத் தெரிந்தது. அத்தை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, "இது எங்க அம்மாவோட அட்டிகையில்ல" என்று திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

அப்படிப்பட்ட படம் ஒரே ஒரு கார்டில் இருப்பது ஆபத்து. அன்றிரவே மடிக்கணினியில் ஒரு பிரதி, பென் டிரைவில் இன்னொன்று. பென் டிரைவ் அத்தை வீட்டிலேயே இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டேன். திரும்பி வரும்போது மடிக்கணினி பையில் வந்தது, கார்டு சட்டைப்பையில் வந்தது. கோலாலம்பூரில் மூன்றாவது பிரதி ஏறும்வரை அந்தக் கார்டை நான் அழிக்கவில்லை.