இறால் குட்டை அல்ல, சம்பா வயல்: கணக்கெடுப்புப் பட்டியலிலிருந்து என் நிலத்தை மீட்ட அனுபவம்

காவிரிக் கடைமடையில் உள்ள எங்கள் பகுதியில் இறால் பண்ணைகளையும் விளைநிலங்களையும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கெடுத்தார்கள். அதில் ஆண்டுதோறும் சம்பா விளையும் என் வயல் ஒன்று, பதிவு பெறாத இறால் குட்டை என்று பட்டியலில் ஏறிவிட்டது. விளக்கம் கேட்டு அறிவிப்பு வந்த பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. அந்தப் பட்டியலிலிருந்து என் புல எண்ணை நீக்குவதற்குள் பட்ட அலைச்சலை, இதே நிலைக்கு ஆளாகக்கூடிய பிற விவசாயிகளுக்காக எழுதுகிறேன்.

இதைச் சிறிய எழுத்துப் பிழை என்று விட்டுவிட முடியாது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் அவர்கள் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, விளைநிலத்தையும் உப்பளத்தையும் ஊர்ப் பொது நிலத்தையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது. 2005ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டப்படி, கடலிலிருந்தும் உவர்நீர் பாயும் ஆறு, கழிகளிலிருந்தும் 2 கிலோமீட்டருக்குள் உள்ள பண்ணைகள் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆகவே நெல் வயலைக் குட்டை என்று எழுதினால், நிலத்தை மாற்றிய குற்றமும் பதிவில்லாமல் பண்ணை நடத்திய குற்றமும் சேர்ந்து உரிமையாளர் தலையில் விழுகின்றன. கண்காணிப்பு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வடிகாலில் உப்புநீர் ஏறினால் முதலில் கருகுவது எங்கள் நாற்றுதான். அதனாலேயே அந்த வரைபடம் பிழையற்றதாக இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

பிழை எப்படி நேர்ந்தது என்பதை ஓரளவு புரிந்துகொண்ட பிறகே என்னால் சரியான ஆதாரங்களைத் திரட்ட முடிந்தது. மழைக்காலத்தில் மேகம் மறைப்பதால் ரேடார் படங்களைப் பயன்படுத்துகிறார்கள். அலையற்ற நீர்ப்பரப்பு ரேடார் கதிரை வேறு பக்கம் திருப்பிவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். நடவு முடிந்து நீர் தேங்கி நிற்கும் வயலும் அப்படியே கறுப்பாகத்தான் தெரியும். இலவசமாகக் கிடைக்கும், ஐரோப்பியச் செயற்கைக்கோள்களான சென்டினல் எடுக்கும் படங்களில் ஒரு புள்ளி 10 மீட்டர் நிலத்தைக் குறிக்கிறது. என் வயலுக்கும் பக்கத்துப் பண்ணைக்கும் நடுவில் உள்ள கரையும் வடிகாலும் அதைவிடக் குறுகலானவை. அதனால் இரண்டும் ஒரே குட்டையாகச் சேர்ந்து பதிவாகியிருந்தன. ஐப்பசி, கார்த்திகையில் எடுத்த ஒற்றைப் படத்தை வைத்துக் கடைமடையில் எது வயல், எது குட்டை என்று முடிவு செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அறிவிப்போடு முதலில் சென்ற அலுவலகத்தில், வரைபடம் மேலிடத்திலிருந்து வந்தது, தங்களால் எதையும் மாற்ற முடியாது, வேளாண்மைத் துறையைப் பாருங்கள் என்றார்கள். வேளாண்மைப் பிரிவில் இது வருவாய்த் துறையின் வேலை என்று திருப்பி அனுப்பினார்கள். என் மனுவைக் கையில் வாங்கிய எழுத்தர் அதற்கு ரசீது தர மறுத்தார். பதில் தர வேண்டிய கெடுவோ ஓடிக்கொண்டிருந்தது. இப்படி இழுத்தடிக்கும்போது நாள் கடத்த வேண்டாம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்து எண் பெற்றுக்கொள்ளுங்கள். அந்த எண் கைக்கு வந்த பிறகுதான் என் கோப்பு நகரத் தொடங்கியது.

பட்டா, சிட்டா, எஃப்.எம்.பி. எனப்படும் புல எல்லை வரைபட நகல் ஆகியவற்றை இணையத்திலேயே எடுத்துக்கொண்டேன். சிக்கல் அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கில் வந்தது. 1434ஆம் பசலிக்கான (2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையிலான வருவாய் ஆண்டு) அடங்கலில் என் உட்பிரிவுக்கு நேரே சம்பா நெல் என்று எழுத வேண்டிய கட்டம் வெறுமையாகக் கிடந்தது. அந்த ஆண்டு பணியில் இருந்த கிராம நிர்வாக அலுவலர் மாறுதலாகிப் போயிருந்தார். புதியவரோ தாம் பார்க்காத பயிருக்குத் தம்மால் எழுத இயலாது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்த வெற்றுக் கட்டத்தைக் காட்டியே, அங்கே நெல் விளையவில்லை என்று முடிவு செய்யப் பார்த்தார்கள்.

என்னைக் காப்பாற்றியது பயிர்க் காப்பீட்டுக் காகிதம். காப்பீட்டுக்குப் பதியும்போது கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்றை இணைக்கிறோம் அல்லவா, அதை ஸ்கேன் செய்த நகல் பொதுச் சேவை மையத்துக் கணினியில் அப்படியே இருந்தது. முன்னவரின் கையொப்பம், முத்திரை, புல எண், உட்பிரிவு, ‘சம்பா நெல்’ என்ற சொல், எல்லாமே அதில் தெளிவாகத் தெரிந்தன. அதோடு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை போட்ட ரசீதையும் சேர்த்து வைத்ததும், அடங்கலைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது. இந்த இரண்டு காகிதங்களையும் பணம் வந்தவுடன் எறிந்துவிடாதீர்கள். அடங்கலை ஆண்டுதோறும் வாங்கிப் பாருங்கள். விடுபட்டிருந்தால், ஆண்டுதோறும் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தியிலேயே மனு கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, வயலின் நான்கு மூலைகளுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை குறித்துத் தரச் சொன்னார்கள். தனியார் நில அளவர் ஒருவரிடம் பணம் கட்டி அளந்தேன். அவர் தாளில் பாகை, கலை, விகலை (டிகிரி, நிமிடம், விநாடி) என்று சரியாகத்தான் எழுதிக் கொடுத்தார். அதைக் கணினியில் ஏற்றியவர் 10 பாகை 27 கலையை 10.27 என்றும், 79 பாகை 42 கலையை 79.42 என்றும் அடித்துவிட்டார். ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் அவை 10.45, 79.70 என்று இருந்திருக்க வேண்டும். விளைவாக என் வயல் அதிராம்பட்டினத்திற்குத் தெற்கே பாக் நீரிணையில், கடலுக்குள் போய் நின்றது. ஆவணம் பொருந்தவில்லை என்று மனு திரும்பி வந்தது. காரணத்தை யாரும் சொல்லவில்லை. பக்கத்து ஊர்க் கல்லூரி மாணவர் ஒருவர் கைப்பேசி வரைபடத்தில் அந்த எண்களை அடித்துக் காட்டிய பிறகே விவரம் புரிந்தது. ஆகவே எந்த எண்ணைக் கொடுப்பதானாலும், முதலில் அதை வரைபடத்தில் இட்டு, புள்ளி உங்கள் வரப்பில் விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அதே மாணவர், சென்டினல் படங்களை வெளியிடும் கோப்பர்நிக்கஸ் இணையதளத்திலிருந்து, ரேடார் அல்லாத, நிறம் காட்டும் சென்டினல்-2 படங்களை மாதவாரியாக எடுத்துத் தந்தார். நடவு நேரத்தில் என் வயலும் குட்டையும் ஒன்றுபோல நீராகத் தெரிகின்றன. மார்கழியில் என் வயல் முழுப் பச்சையாகிறது. குட்டை நீராகவே இருக்கிறது. மாசியில் வயல், அறுத்த பின் நிற்கும் அரிதாளின் மங்கிய மஞ்சளுக்கு மாறுகிறது. குட்டை அந்த ஆண்டு முழுவதும் எந்த மாதத்திலும் பச்சையாகவில்லை. இந்தப் படங்களை ஒரே தாளில் வரிசையாக அச்சிட்டு, எஃப்.எம்.பி. எல்லையை அவற்றின் மேல் வரைந்து இணைத்தேன். விசாரணையில் அதிகாரி மற்ற காகிதங்களைத் தள்ளிவைத்துவிட்டு அந்தத் தாளையே நெடுநேரம் பார்த்தார்.

கள ஆய்வுக்கு வந்த ஊழியர் மிகவும் பொறுமையானவர். ஒவ்வொரு மூலையிலும் கைப்பேசியை நீட்டிப் பிடித்து, அது காட்டும் இருப்பிடப் பிழை 20 மீட்டரிலிருந்து 4 மீட்டருக்கு இறங்கும்வரை வெயிலில் நின்றார். அதன் பிறகுதான் புள்ளியைப் பதிந்தார். வடிகாலின் அந்தப் பக்கக் கரையில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. இந்தப் பக்கம் அரிதாளும் நண்டு வளையும் இருந்தன. இரண்டையும் ஒரே சட்டகத்தில் வருமாறு படம் எடுத்துக்கொண்டார். பக்கத்துப் பண்ணைக்காரரும் மறுக்காமல் தம் பதிவுச் சான்றைக் கொண்டுவந்து காட்டினார். அதிலிருந்த புல எண்கள் வடிகாலோடு முடிந்துவிடுகின்றன. அவர் ஒத்துழைக்காமல் இருந்திருந்தால் இன்னும் இழுத்திருக்கும்.

நீக்கல் ஆணை கைக்கு வந்தபோது அதைப் படித்துப் பார்த்ததில், புல எண் மட்டும் இருந்தது, உட்பிரிவு விடுபட்டிருந்தது. அங்கேயே நின்று திருத்தி வாங்கினேன். உட்பிரிவு இல்லாத ஆணை, அதே புல எண்ணில் உள்ள மற்றவர்களின் நிலத்தையும் குழப்பத்தில் இழுத்துவிடும். பட்டியலில் பெயர் நீங்கினாலும் கணினி வரைபடத்தில் குட்டையின் எல்லைக் கோடு தானாக மாறிவிடுவதில்லை. அதைத் தனியாகத் திருத்த வேண்டும் என்று அந்தக் கள ஊழியர்தான் சொன்னார். அடுத்த மழைக்காலப் படம் எடுக்கப்படுவதற்குள் அந்தக் கோடு வடிகாலோடு நிறுத்தப்பட வேண்டும் என்றும், திருத்திய வரைபடத்தின் நகலைத் தர வேண்டும் என்றும் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். இந்த முறை ரசீதையும் வாங்கி வைத்திருக்கிறேன்.